சொறிக்காய்க்கும் ஒரு விலை சொல்லுங்கள்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரப் பெருமக்களுக்கு,

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில், கொஞ்சம் ஏலத்தோட்டமும் இந்தப் பக்கம் வீடும் வைத்திருக்கிற பலரில் நானும் ஒருவன். உங்களில் பாதிப் பேரை அண்ணே என்று கூப்பிட்டுப் பழகியவன். மீதிப் பேர் என் அப்பா காலத்து ஆட்கள். நேரில் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் ஏலக்கூடத்தில் விலை ஓடும்போது யார் காதிலும் வேறு பேச்சு விழாது. கடைக்கு வந்தால் டீ வாங்கிக் கொடுத்து "பாப்போம்பா" என்று அனுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நாம் ஏலக்காயை மசாலாச் சரக்கு என்கிறோம். வாங்குகிற நாட்டின் சட்டத்துக்கு அது காயவைத்த ஒரு கனி. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், வாசனைப் பொருள்களுக்கென்று 2013ல் ஒரு குழு அமைத்தது. அதை நடத்துவது இந்தியா. செயலகம் நம் ஸ்பைசஸ் போர்டு. 2024 ஜனவரிக் கடைசியில் கொச்சியில் கூடிய அந்தக் குழு, சிறு ஏலக்காய்க்கான தர அளவை இறுதி செய்தது. அன்னாசிப்பூ, ஜூனிப்பர், ஜமைக்கா மிளகு போன்ற உலர்ந்த கனிகளின் தர அளவும் அதே கூட்டத்தில்தான் முடிவானது.

உலர்ந்த கனி என்றால் தண்ணீர் போயிருக்கும். அடித்த பூச்சிமருந்து முழுசாகப் போயிருக்காது. ஐந்து கிலோ பச்சைக்காய், காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் போனால் ஏறக்குறைய ஒரு கிலோ உலர்காய் வெளியே வருகிறது. ஐந்து கிலோவின் தோலில் இருந்த மருந்தில் கொஞ்சம் சூட்டில் சிதையும். மிச்சம் அந்த ஒரு கிலோவிலேயே தங்கிவிடும். துறைமுகத்தில் நிற்கிற அதிகாரி தேடுவது அந்த மிச்சத்தைத்தான்.

அவர் எவ்வளவு தேடுகிறார் என்பதைச் சொன்னால் நம் ஆட்கள் சிரிக்கிறார்கள். தனி அளவு குறிக்கப்படாத பூச்சிமருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஜப்பான் 2006 மே மாதம் முதல் அதே 0.01 என்ற அளவைத்தான் வைத்திருக்கிறது. நம் கணக்கில் சொன்னால் நூறு டன் காயில் ஒரு கிராம் மருந்து. தோட்டத்தில் மருந்து கலக்கிற டிரம்மின் விளிம்பில் ஒட்டியிருப்பதே அதைவிட அதிகம். அநியாயம் என்று தோன்றலாம். எனக்கும் சில மருந்துகளின் விஷயத்தில் அப்படித் தோன்றியதுண்டு. அந்த ஊரில் அந்தப் பயிரே கிடையாது, அதனால் அந்த மருந்துக்கு அங்கே யாரும் அளவு கேட்டு விண்ணப்பித்ததும் கிடையாது, உடனே பொது அளவு வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் காசு கொடுக்கிறவன் போடுகிற சட்டம் அது. அவன் வீட்டுப் பிள்ளை தின்கிற பண்டத்துக்கு அவன் அளவு வைக்கிறான்.

இறக்குமதியாளர் நிலையையும் கொஞ்சம் யோசியுங்கள். ஐரோப்பாவில் சரக்கு எல்லையைத் தாண்டியதும் சட்டப்படி அதற்குப் பொறுப்பு அவர்தான். போடியில் இருக்கிற நீங்கள் அல்ல. பல மூட்டைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து மாதிரி போகும். அளவு மீறினால் சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அழிக்க வேண்டும். கிடங்கு வாடகையும் பரிசோதனைச் செலவும் அவர் தலையில். அந்தச் சேதி ஐரோப்பிய நாடுகள் எல்லாம் பார்க்கிற எச்சரிக்கைப் பட்டியலில் ஏறும். 1979ல் இருந்து நடக்கிற ஏற்பாடு அது. அதில் பொருளின் பெயர் இருக்கும், மருந்தின் பெயர் இருக்கும், இந்தியா என்றும் இருக்கும். எந்தச் சரிவில் விளைந்தது என்று மட்டும் இருக்காது. ஒருவர் அனுப்பிய காய் தோற்றால் அடுத்த கப்பலில் போகிற எல்லோர் காயையும் கூடுதலாகச் சோதிப்பது அதனால்தான்.

ஐரோப்பாவும் ஜப்பானும் நமக்குத் தூரம், நம் சந்தை வளைகுடாதான் என்பீர்கள். 2018ல் என்ன நடந்தது? காவா என்கிற காபியில் நம் காயைப் போட்டுக் குடிக்கிற சவூதியே மருந்து எச்சத்தைக் காட்டி நம் சரக்கைத் திருப்பியது. அந்த இடத்தில் யார் நின்றார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1914 வாக்கில் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் கொண்டுபோய் நட்ட செடியிலிருந்து வளர்ந்த குவாதமாலா, பல வருஷம் உலகத்திலேயே அதிகம் ஏலக்காய் விளைவித்த நாடு. அவர்கள் வீட்டில் யாரும் ஏலக்காய் டீ குடிப்பதில்லை. விளைவதில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே. நமக்கு உள்ளூர்ச் சந்தை என்ற மெத்தை இருக்கிறது. அதில் சாய்ந்து சாய்ந்துதான் இவ்வளவு மெத்தனம் என்று நினைக்கிறேன்.

உள்ளூர்ச் சந்தை மட்டும் கேட்காமல் விட்டதா? 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் போட்ட ஏலக்காயைச் சோதித்தபோது 14 வகைப் பூச்சிமருந்து அளவுக்கு மேல் இருப்பதாக அறிக்கை வந்தது. கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் சன்னிதானத்திலேயே முடங்கின. மறுநாள் ஏலக்காய் இல்லாத அரவணை விற்பனைக்கு வந்தது. பக்தர்கள் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். பிறகு 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது உண்மை. ஆனால் அதற்குள் டின்கள் கெட்டுப்போய், அவற்றை எப்படி அழிப்பது என்பதே தேவஸ்வம் போர்டுக்குத் தனித் தலைவலியாகிவிட்டது. எனக்கு அதில் உறுத்திய இடம் வழக்கு அல்ல. நம் காய் இல்லாமலும் பாயசம் விற்றது என்பதுதான்.

இனி உங்கள் பக்கம் வருகிறேன்.

காயில் மருந்து ஏறுவது மலையில்தான், ஆனால் அதை ஏற்றச் சொல்வது ஏலக்கூடம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மாதிரிக் காய் உங்கள் முன்னால் தட்டில் வருகிறது. கையில் அள்ளி விரலால் தள்ளிப் பார்க்கிறீர்கள். நிறம், பருமன், தோல். இரண்டு காயைப் பிளந்து அரிசி கறுப்பாக இருக்கிறதா என்று ஒரு பார்வை. லிட்டர் எடை எவ்வளவு என்று கேட்டுக்கொள்கிறீர்கள். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய் எத்தனை பங்கு என்று கண்ணாலேயே கணக்குப் போட்டுவிடுகிறீர்கள். அந்தக் கண்ணுக்கு நான் கும்பிடு போடுவேன், இத்தனை வருஷமாக எனக்கு வராத வித்தை. அப்புறம் பொத்தானைத் தட்டுகிறீர்கள். அடுத்த லாட்.

இதில் எங்கேயாவது மருந்து பற்றி ஒரு கேள்வி உண்டா?

இல்லை. ஆனால் சொறி பற்றி உண்டு. தோலில் பழுப்பாகத் தழும்பு ஓடிய காயைப் பார்த்தவுடன் தட்டைத் தள்ளிவிடுகிறீர்கள். விலை கீழே இறங்குகிறது. அந்தத் தழும்பு பேன் பூச்சி செய்கிற வேலை. கண்ணுக்கு லேசில் தெரியாத அளவுக்குச் சின்னது. இலை உறைக்குள்ளும் பூவின் மடிப்பிலும் ஒளிந்திருந்து, பிஞ்சின் தோலைச் சுரண்டிச் சாறு குடிக்கும். காய் பெருக்கும்போது அந்தக் கீறலும் சேர்ந்து பெருத்துச் சொறியாகும். மேலே இருப்பது பெரும்பாலும் தோல் சேதம். தோலைத் தாண்டி அரிசிக்கு வந்தால், லேசாகச் சொறி விழுந்த காயின் மணத்தைச் சாயாக் கடையில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் விலை தோலுக்குத்தான். அந்தத் தோலைக் காப்பாற்றத்தான் மலையில் மாதம் தவறாமல், சில தோட்டங்களில் அதற்குள்ளேயே மறுபடியும், மருந்து அடிக்கிறார்கள்.

இதில் இந்தச் செடிக்கே உரிய ஒரு சங்கடமும் சேர்கிறது. நெல்லோ கடலையோ என்றால் அறுப்புக்கு இத்தனை நாள் முன்னால் மருந்தை நிறுத்து என்று சொல்லிவிடலாம். ஏலச்செடியில் ஒரே சரத்தில் அடியில் பழுத்த காய், நடுவில் பிஞ்சு, நுனியில் பூ. ஆடி ஆவணியில் தொடங்கி மாசி வரைக்கும் மாதம் ஒரு எடுப்பு, ஒன்றரை மாதத்துக்கு ஒரு எடுப்பு என்று ஓடும். எந்த நாள் அடித்தாலும் ஏதோ ஒரு காய் எடுக்கப்போகிற நிலையில் இருக்கும். எடுப்பு முடிந்த கையோடு அடித்தால் அடுத்த எடுப்புக்குள் கொஞ்சம் இறங்கும். எடுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது அடித்தால் மருந்தோடுதான் காய் கூடைக்கு வரும். போடி, தேவாரம், கோம்பையிலிருந்து விடியற்காலை ஜீப்பில் மேடேறுகிற பெண்கள் வெறுங்கையால் அதைத்தான் பறிக்கிறார்கள். பூவுக்கு வருகிற தேனீயும் அதில்தான் உட்காருகிறது. தேனீ போனால் காய்ப்பிடிப்பு போச்சு என்பது மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் அடிக்கிறோம். ஏனென்றால் சொறிக்காய்க்கு நீங்கள் விலை சொல்ல மாட்டீர்கள்.

தோட்டக்காரர்கள் சுத்தம் என்று வாதாட நான் வரவில்லை. கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் மலையின் மகசூலையே மாற்றியது. மகசூலோடு உரமும் மருந்தும் சேர்ந்து ஏறின. காய்ந்த உறைகளை உரித்துக் கவாத்துப் பண்ணினால் பேனுக்கு ஒளிய இடமில்லாமல் போகும். ஆள் கூலி அதிகம் என்று அதைத் தள்ளிப்போட்டு டிரம்மை நிரப்புகிறவர்கள் நிறையப் பேர். கேரளா 2011ல் மோனோகுரோட்டோபாஸ் உள்படப் பல மருந்துகளைத் தடை செய்தது. நம் பக்கத்துக் கடைகளில் அதற்கப்புறமும் கிடைத்தது; செக்போஸ்ட்டைத் தாண்டி எப்படி மலைக்குப் போனது என்று போடியில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இதையெல்லாம் தோட்டக்காரர்களுக்குத் தனியாக எழுத வேண்டும். உங்களுக்கு எழுதுவது, விலை உங்கள் கையில் இருப்பதால்.

அடுத்தது கலப்பு. கலப்படம் என்று சொல்லவில்லை, கலப்புதான். ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவர் கொண்டுவருகிற இருபது கிலோவும், நூறு ஏக்கர் எஸ்டேட்டின் காயும், கூடத்தில் எடுத்ததும் உங்கள் கிடங்கில் ஒரே தரையில் கொட்டப்படுகின்றன. சல்லடை போட்டு, பருமன் பிரித்து, நிறம் பிரித்துச் சாக்கில் ஏறும்போது அது வெறும் எட்டு மில்லிமீட்டர் காய். யாருடையது என்பது அங்கேயே அழிந்துபோகிறது. ஒருமுறை எடுத்த காயையே மறுபடி ஏலத்துக்கு வைக்கிற ரீபூலிங் இருக்கிறதே, அதைப் பற்றி விவசாயிகள் விலை இறங்குகிறது என்றுதான் புகார் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை இது: மருந்து அடிக்காதவன் காயும் நேற்று அடித்தவன் காயும் ஒரே சாக்கில். வெளிநாட்டுக்காரர் எந்தத் தோட்டம் என்று கேட்டால் நீங்கள் நல்ல மனதோடு தேடினால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. சுத்தமாக விளைவித்தவனுக்கு அந்தச் சாக்கில் கிடைக்கிற கூலி, மற்றவன் காயோடு சேர்ந்து தானும் தோற்பதுதான்.

பச்சைச் சாயம் பற்றி நீளமாக எழுத மாட்டேன். பச்சைக்காயைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்து, ஸ்டோரில் சூடு ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டால் நிறம் நிற்கும்; அது தொழில். வெளுத்த காய்க்குச் செயற்கை நிறம் ஏற்றுவது குற்றம், சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. எல்லோரும் செய்வதில்லை. செய்கிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

"அரசாங்கமே அளவைத் தளர்த்திவிட்டதே" என்று போன வாரம்கூட ஒருவர் சொன்னார். 2024 ஏப்ரலில் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இங்கே பதிவாகாத மருந்துகளுக்கு மசாலாப் பொருள்களில் இருந்த 0.01 அளவை 0.1 ஆக்கியது. பத்து மடங்கு. அது நம் கடைத்தெருவுக்கு. ரோட்டர்டாமில் நிற்கிற அதிகாரி அந்த உத்தரவைப் படிக்கப்போவதில்லை. அதே மாதம்தான் ஹாங்காங் அதிகாரிகள் எம்.டி.எச்., எவரெஸ்ட் மசாலாக்கள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக அறிவித்தார்கள். சிங்கப்பூர் ஒரு மசாலாவைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. நிறுவனங்கள் மறுத்தன. ஆனாலும் அந்த இரண்டு ஊருக்கும் போகிற மசாலாவுக்கு எத்திலீன் ஆக்சைடு சோதனையை ஸ்பைசஸ் போர்டு கட்டாயமாக்க வேண்டியதாயிற்று. கிருமி இருக்கக் கூடாது என்பதற்காகப் போடுகிற வாயு அது. அமெரிக்காவில் மசாலாவில் 7 பிபிஎம் வரை விடுகிறார்கள், ஐரோப்பாவில் பல வருஷமாகத் தடை. ஒரு ஊருக்குச் சரியாக இருக்கிற சரக்கு இன்னொரு ஊருக்குக் குற்றச் சரக்கு. எந்த ஊருக்குப் போகிறது என்று முதலிலேயே தெரிந்து வாங்கினால்தான் பிழைப்பு; எல்லாவற்றையும் கொட்டிக் கலந்துவிட்டுப் பிறகு ஊர் தேடுவது இனி நடக்காது.

விலையை வைத்து என்னிடம் வாதம் பண்ணாதீர்கள். 2019 ஆகஸ்ட் 3ஆம் தேதி புற்றடி ஏலக்கூடத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அன்றைக்குக் காய் கிடைத்தால் போதும் என்று யாரும் சோதனை பற்றிப் பேசவில்லை. 2022ல் ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது; அன்றைக்குச் சோதனைக்குக் காசில்லை என்றார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் நமக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஏலக்காய் போர்டு என்று 1966ல் தொடங்கிய அமைப்பும் ஏற்றுமதிக் கவுன்சிலும் சேர்ந்து 1987ல் ஸ்பைசஸ் போர்டு ஆனதிலிருந்து எத்தனையோ திட்டங்கள் வந்துவிட்டன. மின்னேலம் வந்தது, மைலாடும்பாறையில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தூத்துக்குடியிலும் கொச்சியிலும் போர்டின் பரிசோதனைக்கூடங்கள் இருக்கின்றன. சோதித்த காய்க்கென்று தனி ஏலமும் நடத்திப் பார்த்தார்கள். அதில் தயக்கம் காட்டியது யார் என்று விரல் நீட்டி என்ன ஆகப்போகிறது? சோதித்த காய்க்கும் சோதிக்காத காய்க்கும் கிலோவுக்குப் பத்து ரூபாய் வித்தியாசம்கூட இல்லையென்றால் எந்த விவசாயி சோதனைக்குப் பணம் கட்டுவான்? ஒரு சோதனைக்குச் சில ஆயிரம் ஆகிறது. இருபது கிலோ கொண்டுவருகிறவனால் முடியாது. ஒரே சரிவில் இருக்கிற பத்துப் பதினைந்து பேர் ஒரே மருந்துக் கணக்கு நோட்டு வைத்து, எடுப்பு முடிந்தபின்தான் அடிப்போம் என்று ஒத்துக்கொண்டு, ஒரே லாட்டாகக் கொண்டுவந்தால் முடியும். அந்த லாட்டை நீங்கள் மற்றக் காயோடு கலக்காமல் தனிச் சாக்கில் வைக்க வேண்டும். சோதனைச் செலவில் பாதியை நீங்கள் ஏற்க வேண்டும். அந்த லாட்டில் லேசாகச் சொறி இருந்தால் தட்டைத் தள்ளாமல் அறிக்கையைப் பார்த்து விலை சொல்ல வேண்டும்.

ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்துக் கடைக்காரர் விலையில் அடித்துவிடுவார் என்று பயப்படுவீர்கள். நியாயமான பயம். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். உங்கள் சங்கம் கூடி ஒரு நாள் உட்கார்ந்தால் போதும். எல்லாக் காய்க்கும் வேண்டாம். வாரத்தில் ஒரே ஒரு ஏலத்தில், சோதித்த லாட்டுக்கு மட்டும், கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். அந்தத் தொகையை நீங்களே தீர்மானியுங்கள்; நான் பேரம் பேச வரவில்லை.

அடுத்த எடுப்பு தொடங்குமுன் அறிவித்துவிட்டால், கவாத்துக்கு ஆள் விடலாமா டிரம்மை நிரப்பலாமா என்று மலையில் அவனவன் முடிவு செய்ய நேரம் இருக்கும். ஆனி முடிவதற்குள் ஒரு பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் காய் போடுகிற ஒரு போடிக்காரன்